128 கோர் வாங்கியும் வேகம் ஏறவில்லை: கெர்னல் லாக்குகளோடு ஒரு மல்லுக்கட்டு

32 கோர் லினக்ஸ் இயந்திரத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு சர்வீஸை, சாக்கெட்டுக்கு, அதாவது ஒரு சிபியு சிப்புக்கு, 64 கோர் என்று இரண்டு சாக்கெட்டுள்ள புது சர்வருக்கு மாற்றினோம். நாலு மடங்கு வேகம் வரும் என்று யாரும் நம்பவில்லை. இரண்டரை மடங்கு வந்தால் போதும் என்பதுதான் எங்கள் கணக்கு. வந்ததோ பழைய சர்வரைவிடக் கம்மி. அதைவிடக் குழப்பியது இன்னொன்று: சிபியு பாதிக்கு மேல் சும்மா இருந்தது. வேலை குவிந்து கிடக்கிறது, கோர்கள் காலியாக இருக்கின்றன, பதில் மட்டும் தாமதமாக வருகிறது.

இந்த அறிகுறியைப் பார்த்ததும் லாக்கைச் சந்தேகிக்கலாம்: ஒரே தரவை ஒரே நேரத்தில் பலர் மாற்றிவிடாதபடி லினக்ஸின் மையமான கெர்னல் போடும் பூட்டு அது. ஆனால் எந்த லாக் என்று கண்டுபிடிக்க, லாக்கில் காத்திருப்பது இரண்டு வகை என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்பின்லாக்கில் காத்திருப்பவன் சிபியுவை விடாமல் சுற்றிக்கொண்டே இருப்பான். அதனால் ப்ரொஃபைலில் பளிச்சென்று தெரிவான். மியூடெக்ஸிலோ, கெர்னலில் ஆர்டபிள்யூசெம் என்று சொல்லப்படும் ரீடர்-ரைட்டர் செமஃபோரிலோ (படிப்பது பலர் சேர்ந்து, எழுதுவது ஒருவர் மட்டும்) காத்திருப்பவன் பெரும்பாலும் தூங்கிவிடுவான். தூங்குகிறவன் சிபியு ப்ரொஃபைலில் வரமாட்டான். சிபியு காலி என்றுதான் காட்டும். எங்கள் சர்வரில் இரண்டும் கலந்து இருந்தன.

எந்த ஃபங்ஷன் சிபியுவைத் தின்கிறது என்று காட்டும் பெர்ஃப் டாப்பை ஓட்டினால் உச்சியில் நின்றது ‘நேட்டிவ் க்யூட் ஸ்பின் லாக் ஸ்லோபாத்’, அதாவது ஸ்பின்லாக் உடனே கிடைக்காதபோது காத்திருக்கும் பாதை. பலர் இந்தப் பெயரைப் பார்த்ததும் ‘கெர்னல் ஸ்பின்லாக் மோசம்’ என்று முடிவுகட்டி விடுகிறார்கள். எங்கள் குழுவிலும் ஒருவர், நல்ல ஸ்பின்லாக் ஒன்றை நாமே எழுதினால் என்ன என்று கேட்டார். அதற்கு அவசியமே இல்லை. அந்த வேலை 2015-இலேயே முடிந்துவிட்டது.

சுருக்கமாகச் சொல்கிறேன். 2008-இல் வந்த 2.6.25 பதிப்பிலிருந்து கெர்னலில் டிக்கெட் ஸ்பின்லாக் இருந்தது. வங்கியில் டோக்கன் வாங்கி உட்கார்வது மாதிரி, ஆளுக்கொரு எண். முறை தவறாது. ஆனால் எல்லாரும் ஒரே பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எண் மாறும்போதெல்லாம் காத்திருக்கும் ஒவ்வொரு கோரின் கேஷிலும் இருந்த நகல் செல்லாததாகி, எல்லாரும் மறுபடி அதே கேஷ் லைனை (கேஷ் ஒரு தடவைக்கு நகர்த்தும் 64 பைட் துண்டு) கேட்டு ஓடிவருவார்கள். பத்துப் பேர் காத்திருந்தால் லாக் கைமாறவே அந்தப் பத்துப் பேரின் அலைச்சலும் சேர்ந்துகொள்ளும். கூட்டம் சேரச் சேர வேகம் மெதுவாக இறங்காது. ஒரு இடத்தில் தடாலென்று விழும். 1991-இல் மெல்லர்-கிரமி, ஸ்காட் இருவரும் சொன்ன எம்சிஎஸ் முறையை ஒட்டி, காத்திருப்பவர் ஒவ்வொருவரும் தன் சொந்த கேஷ் லைனையே பார்க்கும்படி செய்ததுதான் 4.2 பதிப்பில் வந்த க்யூ ஸ்பின்லாக். அதுவும் நாலே பைட்டில். கெர்னலில் ஸ்பின்லாக் சின்னச் சின்ன ஸ்ட்ரக்ட்களுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் என்பதால் அதற்கு மேல் பெருக்க வழியில்லை. ஆக, அந்த ஃபங்ஷன் ப்ரொஃபைலின் உச்சியில் தெரிந்தால் ஸ்பின்லாக் சரியில்லை என்று அர்த்தமில்லை. யாரோ அதன் வாசலில் கூட்டம் சேர்க்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற கால் கிராஃபை விரித்துப் பார்த்தபோது அந்த ஸ்பின்லாக்கைக் கூப்பிட்டது ஆர்டபிள்யூசெம்மின் ரீடர் ஸ்லோபாத். அதாவது, தூங்கப் போகிறவர்கள் வரிசையில் பெயர் எழுதும் ஏட்டுக்கு ஒரு சின்ன ஸ்பின்லாக் உண்டு, அதற்கே அடிதடி. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ப்ரொஃபைல் காட்டுவது சுற்றிக்கொண்டு காத்திருப்பவர்களை மட்டுமே. லாக்கைக் கையில் வைத்திருப்பவன் அங்கே பெரும்பாலும் தெரியமாட்டான்.

இந்த இடத்தில் கைகொடுத்தது ‘பெர்ஃப் லாக் கன்டென்ஷன்’. 2022-இல் வந்த 5.19 கெர்னலில் லாக் காத்திருப்புக்கென்றே ட்ரேஸ்பாயின்ட்கள், அதாவது நடப்பதைப் பதிவு செய்யும் இடங்கள், சேர்ந்தன. அதற்கு முன்பு லாக்ஸ்டாட்தான் இருந்தது. அதற்குக் கெர்னலைத் தனியாக பில்ட் செய்ய வேண்டும், வேகமும் அடிபடும், ப்ரொடக்ஷனில் வைக்க முடியாது. இப்போது, கெர்னலுக்குள்ளேயே சின்ன ப்ரோகிராம் ஓட்டிக் கணக்கெடுக்கும் பிபிஎஃப் முறையில் பத்து நொடி ஓட்டினால் போதும். எத்தனை முறை காத்திருந்தார்கள், மொத்தம் எவ்வளவு நேரம், அதிகபட்சம் எவ்வளவு, லாக் எந்த வகை, எந்த ஃபங்ஷனிலிருந்து என்று பட்டியல் வந்துவிடும். லாக் வாரியாகப் பிரிக்கச் சொன்னால் தெரிந்த லாக்குகளுக்குப் பெயரும் போட்டுக் கொடுக்கும். எங்கள் பட்டியலின் முதல் வரியில் இருந்த பெயர் எம்மேப் லாக்.

சராசரியை மட்டும் பார்த்து நகர்ந்துவிடாதீர்கள், அதிகபட்சம் என்ற நெடுவரிசையையும் பாருங்கள். எங்களுக்கு இரண்டாவது வில்லன் அங்கேதான் அகப்பட்டான். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எம்மேப் லாக் என்பது ஒரு ப்ராசஸின் முகவரிப் பரப்பு முழுவதற்கும் ஒன்றே ஒன்று. 5.8 வரை அதன் பெயர் எம்மேப் செம். நினைவகத்தை மேப் செய்தாலோ, விடுவித்தாலோ, அனுமதியை மாற்றினாலோ அதை எழுதும் முறையில் பிடிக்க வேண்டும். பேஜ் ஃபால்ட் (நிஜப் பக்கம் இன்னும் ஒதுக்காத முகவரியைத் தொடுவது) வந்தால் படிக்கும் முறையில் பிடிக்க வேண்டும். நூறு த்ரெட் இருந்தாலும் லாக் ஒன்றுதான். இதை உறுதிப்படுத்த ஒரு சுலபமான சோதனை உண்டு, யாருக்கும் சிபாரிசு செய்வேன்: ஒரே ப்ராசஸில் 128 த்ரெட் ஓட்டுவதற்குப் பதில், நாலு ப்ராசஸில் ஆளுக்கு 32 த்ரெட் ஓட்டுங்கள். வேகம் சட்டென்று ஏறினால் சிக்கல் அந்த ப்ராசஸின் முகவரிப் பரப்புக்குள்ளோ, அது திறந்து வைத்திருக்கும் கோப்புகளின் ஃபைல் டிஸ்கிரிப்டர் அட்டவணையிலோ இருக்கிறது. ஏறவில்லை என்றால் சிஸ்டம் முழுவதும் பகிரும் எதிலோ இருக்கிறது. ‘வில் இட் ஸ்கேல்’ என்ற சோதனைத் தொகுப்பு ஒவ்வொரு சோதனையையும் த்ரெட் முறை, ப்ராசஸ் முறை என்று இரண்டாக ஓட்டுவதும் இதற்காகத்தான். எங்களுக்கு ஏறியது. பல இடங்களில் இதையே நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொண்டு போய்விடலாம். அதில் ஒன்றும் வெட்கமில்லை.

நாங்கள் ஏன் என்று தோண்டினோம். கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் 256 கேபி பஃபர் ஒன்று எடுத்து, முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும் கோட். சி நூலகமான ஜிலிப்சியின் நினைவக அலோகேட்டர் மாலக், 128 கேபிக்கு மேல் கேட்டால் நேராக எம்மேப் போகும். ஆனால் அப்படி எடுத்ததைத் திருப்பிக் கொடுத்ததும் அந்த வரம்பைத் தானாகவே உயர்த்திக்கொள்ளும். அடுத்த முறை சாதாரண ஹீப்பிலிருந்தே தரும். எங்களிடம் அது நடக்கவில்லை. பழைய ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் ஒன்றில், என்றோ யாரோ நினைவகத்தை மிச்சம் பிடிக்க, அந்த வரம்பை 128 கேபி என்று என்விரான்மென்ட் வேரியபிளில் எழுதி வைத்திருந்தார்கள். வரம்பைக் கையால் வைத்தால் தானாக உயரும் வேலை நின்றுவிடும். ஆக, கோரிக்கைக்கு ஒரு எம்மேப், ஒரு எம்அன்மேப். இரண்டும் எழுதும் லாக். நடுவில் 256 கேபியைத் தொட 4 கேபி வீதம் 64 பேஜ் ஃபால்ட். அவை ஒவ்வொன்றும் படிக்கும் லாக். விடுவிக்கும்போது, அந்த ப்ராசஸின் த்ரெட்கள் ஓடும் மற்ற கோர்களுக்கெல்லாம் முகவரி மாற்றங்களை நினைவில் வைத்திருக்கும் டிஎல்பியைத் துடைக்கச் சொல்லி இன்டரப்ட் வேறு. 32 கோரில் இது முணுமுணுப்பாக இருந்தது, 128 கோரில் கூச்சலாகிவிட்டது.

அந்த ஒரு வரியை ஸ்கிரிப்டிலிருந்து எடுத்ததும் வரைபடமே மாறிவிட்டது. கெர்னலில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: கெர்னல் லாக்கில் நெரிசல் என்று வரும் புகார்களில் கணிசமானவற்றுக்கு மருந்து யூசர் ஸ்பேஸில்தான் இருக்கிறது. அலோகேட்டரை முதலில் விசாரியுங்கள். ஜிலிப்சியில் முதன்மை அல்லாத அரீனாக்கள் (த்ரெட்களுக்கான தனி நினைவகத் தொகுப்புகள்) வளர்வதற்கு எம்ப்ரொடெக்ட் கூப்பிடும். அதுவும் எழுதும் லாக்தான். ஜெமாலக் என்ற அலோகேட்டரை வைத்திருந்தால், விடுவித்த அழுக்குப் பக்கங்களை எவ்வளவு சீக்கிரம் கெர்னலுக்குத் திருப்புகிறது என்ற டிகே நேரத்தைப் பாருங்கள். நினைவகத்தில் கஞ்சத்தனம் காட்டினால் அதற்கான வட்டியை லாக்கில் கட்ட வேண்டியிருக்கும்.

இப்போது அந்த இரண்டாவது வில்லன். சராசரிக் காத்திருப்பு இறங்கிய பிறகும், அவ்வப்போது எல்லா த்ரெட்டும் ஒரு கணம் உறைந்து மீண்டும் ஓடியது. குறிப்பிட்ட இடைவெளியில் வந்தது, அதனால் ஏதோ டைமர் சம்பந்தப்பட்டது என்று மட்டும் தெரிந்தது. பெர்ஃப் லாக்கில், லாக்கை வைத்திருப்பவர் யார் என்று காட்டச் சொல்லி ஓட்டியபோது எங்கள் சர்வீஸின் பெயர் வரவில்லை. வந்தது கண்காணிப்பு ஏஜென்ட்டின் பெயர். அது எங்கள் ப்ராசஸின் ப்ராக் கோப்பகத்தில் ஸ்மேப்ஸ் கோப்பைப் படித்துக்கொண்டிருந்தது, நினைவகப் பயன்பாட்டைக் கணக்கெடுக்க. ஸ்மேப்ஸைப் படித்தால் கெர்னல் பேஜ் டேபிள்களை ஒவ்வொன்றாக நடந்து எண்ணும். அந்த நேரத்தில் எம்மேப் லாக் படிக்கும் முறையில் அதன் கையில் இருக்கும்.

படிக்கும் முறைதானே, மற்றவர்களும் சேர்ந்து படிக்கலாமே என்று தோன்றும். கோளாறு இங்கேதான். ஏஜென்ட் படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு த்ரெட் எம்மேப் கூப்பிடுகிறது. அதற்கு எழுதும் லாக் வேண்டும், வரிசையில் நிற்கிறது. எழுதுகிறவன் பட்டினி கிடக்கக் கூடாது என்பதால், அவன் வரிசையில் நின்றுவிட்டால் அதற்குப் பிறகு வரும் படிப்பவர்களும் பொதுவாக அவனுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ஆக, ஒரு நீண்ட வாசிப்பு, அதன் பின்னால் எழுத வந்த ஒரே ஒருவன், அதன் பின்னால் நூறு பேஜ் ஃபால்ட். ரீடர்-ரைட்டர் லாக்கில் நீளமான வாசிப்பு எவ்வளவு ஆபத்து என்று அன்றுதான் எனக்குத் தோலில் உறைத்தது. ஏஜென்ட்டின் அமைப்பை மாற்றி, நினைவகக் கணக்கை, ப்ராசஸ் குழுவுக்குக் கெர்னலே வைத்திருக்கும் சிகுரூப் கணக்கிலிருந்து எடுக்கச் சொன்னோம். ப்ராசஸ் வாரியாக வேண்டும் என்றால் ஸ்டேட்எம் கோப்பு உண்டு. அதில் வரும் எண் துல்லியமாக இருக்காது, ஆனால் இந்த லாக்கைத் தொடாது. சர்வர் திணறும்போது ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையே சில சமயம் தொங்கிப்போவதற்கும் இதே லாக் காரணமாக இருக்கலாம். கமாண்ட் லைனைக் காட்டவும் அதற்கு அந்த ப்ராசஸின் நினைவகத்தைப் படிக்க வேண்டும்.

அப்புறம்தான் கெர்னலை மாற்றினோம். 6.1-இலிருந்து, 2023-இல் வந்த 6.4-க்குப் பிந்தைய பதிப்புக்கு. 6.4-இல் விஎம்ஏ (முகவரிப் பரப்பின் ஒரு தொடர்ச்சியான பகுதி) ஒவ்வொன்றுக்கும் தனி லாக் வந்தது. பேஜ் ஃபால்ட் முதலில் அந்தச் சின்ன லாக்கை முயன்று பார்க்கும், முடியாவிட்டால்தான் பெரிய எம்மேப் லாக்குக்குப் போகும். முதலில், கோப்போடு சேராத அனானிமஸ் பக்கங்களுக்கு மட்டும் இருந்தது, அடுத்தடுத்த பதிப்புகளில் மற்றவற்றுக்கும் விரிந்தது. இந்த மாற்றத்தின் பேட்ச்களில் ஒன்றை நான் மறுபடி மறுபடி படித்திருக்கிறேன். அந்தச் சின்ன லாக்கை விஎம்ஏ ஸ்ட்ரக்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்தபோது பேஜ் ஃபால்ட் வேகம் குறைந்தது. லாக்கின் எண்ணிக்கை சதா மாறுகிறது; பக்கத்து பைட்களில் பேஜ் ஃபால்ட் படிக்க வேண்டிய மற்ற ஃபீல்டுகள்; எல்லாம் ஒரே கேஷ் லைன். அதனால் லாக்கைப் பிரித்துத் தனி இடத்தில் வைத்தார்கள். லாஜிக்கில் எந்த மாற்றமும் இல்லை. குடியிருக்கும் இடம் மட்டும் மாறியது.

அதைப் படித்த கையோடு எங்கள் சொந்தக் கெர்னல் மாட்யூலைத் திறந்தேன். வரும் பாக்கெட் ஒவ்வொன்றும் எந்த விதியின் கீழ் வருகிறது என்று ஒரு அட்டவணையில் தேடும் மாட்யூல் அது. விதிகள் சில ஆயிரம். மாறுவது எப்போதாவது. தேடுவது ஓயாமல். அதற்குக் காவல் ஒரே ஒரு குளோபல் ஸ்பின்லாக்.

ஸ்பின்லாக்கை, பலர் சேர்ந்து படிக்க விடும் ஆர்டபிள்யூலாக்காக மாற்றினால் போதுமே என்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். மாற்றிப் பார்த்தோம், ஒன்றும் நகரவில்லை. காரணம் எளிது. படிக்கும் லாக்கை எடுப்பதும் நினைவகத்தில் எழுதும் வேலைதான்; ‘நான் ஒருவன் உள்ளே வந்தேன்’ என்று எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். அதற்கு அந்த கேஷ் லைன் என் கோருக்குத் தனி உரிமையாக வர வேண்டும். இன்னொரு சாக்கெட்டில் இருக்கும் கோர் மாற்றிய லைனை இங்கே இழுக்க நூறு நானோ நொடிக்கு மேல் ஆகலாம். நாங்கள் தேடுவதற்கு எடுக்கும் நேரமே அதைவிடக் கம்மி. ரீடர்-ரைட்டர் லாக் பலன் தருவது உள்ளே செய்யும் வேலை நீளமாக இருந்தால்தான். அது நீளமாக இருந்தால் என்ன ஆகும் என்று ஸ்மேப்ஸில் பார்த்தாயிற்று.

சரி, ஆர்சியு: எழுதுகிறவன் புது நகலை மாற்றி வைத்து, பழையதைப் படிப்பவர்கள் முடித்த பிறகே அதை விடுவிக்கும் முறை. 2002 முதல் கெர்னலில் இருக்கிறது, படிப்பவன் பகிர்ந்த நினைவகத்தில் எதையும் எழுத வேண்டியதில்லை, எங்கள் வேலைக்கென்றே செய்தது மாதிரி. தேடும் பாதையை ஆர்சியுவுக்கு மாற்றினோம். ப்ரொஃபைலில் ஸ்பின்லாக் மறைந்துவிட்டது. ஆனால் வேகம் கொஞ்சம்தான் கூடியது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

பெர்ஃப் சி2சி ஓட்டிப் பார்த்தோம். ஒரு கோர் மாற்றிய கேஷ் லைனை இன்னொரு கோர் கேட்டு அலைவதை லைன் வாரியாக, அதற்குள் எந்த பைட்டில், எந்த ஃபங்ஷன் என்று காட்டும் கருவி அது. உச்சியில் நின்ற லைன் விதியின் ஸ்ட்ரக்ட். முதலில் அடுத்த விதிக்கான பாயின்டர், பிறகு தேடும் கீ, பிறகு ரெஃப்கவுன்ட் (எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்), பாக்கெட் எண்ணிக்கை, பைட் எண்ணிக்கை. எல்லாம் 64 பைட்டுக்குள். எல்லாக் கோரும் படிக்கும் கீயும், எல்லாக் கோரும் பாக்கெட்டுக்குப் பாக்கெட் எழுதும் மூன்று எண்களும் ஒரே வீட்டில் குடித்தனம். லாக் இல்லாமல் தேடி, விதியைக் கண்டுபிடித்ததும் ரெஃப்கவுன்ட்டைக் கூட்டினால், லாக்கைத் தூக்கி ஸ்ட்ரக்டுக்குள் வைத்தது போலத்தான். அடாமிக் என்ற பெயரில் அதே எழுதும் வேலை, அதே அலைச்சல். பெரும்பாலான பாக்கெட்டுகள் ஏதோ நாலைந்து விதிகளில்தான் விழும் என்பதால் அவற்றின் லைன்கள் இரண்டு சாக்கெட்டுக்கும் நடுவே பந்தாடப்பட்டன.

ரெஃப்கவுன்ட் வேண்டாம் என்று முடிவு செய்தோம். பாக்கெட்டுக்கான வேலை முழுவதும் ஆர்சியு ரீட் பகுதிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதற்குள் விதி மறைந்துவிடாது என்பதற்கு ஆர்சியுவே பொறுப்பு. தூங்க வேண்டிவரும் அரிதான பாதையில் மட்டும் ரெஃப்கவுன்ட் எடுக்கிறோம். எண்ணிக்கைகள் இரண்டும் சிபியுவுக்கு ஒன்றாகப் பிரிந்தன. யாராவது கேட்கும்போது 128-ஐயும் கூட்டிச் சொல்கிறோம். இதற்கு ஒரு விலை உண்டு. விதிக்கு இரண்டு எண், 16 பைட். 5,000 விதி, 128 கோர் என்றால் 10 எம்பி சொச்சம், போகட்டும். இதையே பத்து லட்சம் கனெக்ஷனுக்குச் செய்தால் 2 ஜிபி. கேட்டதற்கெல்லாம் பெர்-சிபியு போட முடியாது. அதோடு, கூட்டும்போது வரும் எண் அந்தக் கணத்துக்கு ஏறத்தாழ சரி, அவ்வளவுதான். வரம்பைத் தாண்டியதா என்று பாக்கெட்டுக்குப் பாக்கெட் பார்க்க வேண்டிய இடத்தில் இது ஒத்துவராது.

எழுதும் பக்கத்தில் ஆர்சியு வேறு மாதிரி படுத்தியது. விதிகளை மறு ஏற்றம் செய்யும்போது பழைய கோட் ஒவ்வொரு விதியையும் நீக்கிவிட்டுப் படிப்பவர்கள் வெளியேறக் காத்திருக்கும் வடிவத்துக்கு மாறியிருந்தது. ஒரு காத்திருப்பு சில மில்லி நொடிகள். ஆயிரக்கணக்கில் அடுக்கினால் கட்டளை கொடுத்தவர் டீ குடித்துவிட்டு வரலாம். விடுவிப்பதைக் கால்பேக் வைத்துப் பிறகு நடக்கும்படி தள்ளிப்போட்டால் காத்திருப்பு போகும், ஆனால் அடுத்தடுத்து மறு ஏற்றம் செய்தால் விடுவிக்கப்படாத நினைவகம் வீங்கும். முழு அட்டவணையையும் புதிதாகக் கட்டி, பாயின்டரை ஒரே முறை மாற்றி, ஒரே முறை காத்திருப்பதில் இரண்டும் தீர்ந்தன.

மாட்யூலில் எழுதும் பாதையின் லாக்கை அப்படியே வைத்திருக்கிறோம், ஒன்றே ஒன்று, குளோபல். பிரிக்கலாம் என்று ஒருவர் பேட்ச் அனுப்பினார், வேண்டாம் என்றேன். எப்போதாவது நடக்கும் வேலைக்கு லாக்கைப் பத்தாகப் பிரித்தால் எதை முதலில் எடுப்பது என்ற வரிசைப் பிரச்சினையும் டெட்லாக்கும்தான் பத்தாகும். ஆனால் அந்த லாக்கின் உள்ளே இருந்ததைக் கொஞ்சம் காலி செய்தோம். நினைவகம் ஒதுக்குவதை லாக் எடுப்பதற்கு முன்பே முடித்துக்கொண்டோம். அதைவிட முக்கியம், உள்ளே கெர்னல் செய்தியை அச்சிடும் ஒரு பிரின்ட்கே இருந்தது. கன்சோல் சீரியல் போர்ட், வேகம் நொடிக்கு 115200 பிட். நொடிக்கு ஏறக்குறைய 11,500 எழுத்து. நூறு எழுத்துள்ள ஒரு எச்சரிக்கை வரி வெளியேற 8 மில்லி நொடிக்கு மேல். ஸ்பின்லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு 8 மில்லி நொடி! பழைய சர்வரில் அந்த எச்சரிக்கை வரும் சந்தர்ப்பமே அமையவில்லை, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. இப்போது என்ன நடந்தது என்று லோக்கல் வேரியபிளில் குறித்துக்கொண்டு, லாக்கை விட்ட பிறகு, இவ்வளவுக்கு மேல் வராதபடி அளவு கட்டி அச்சிடுகிறோம்.

மாட்யூலில் லாக் சம்பந்தமாக எதை மாற்றினாலும் இப்போது இரண்டு கெர்னலில் ஓட்டுகிறோம். ஒன்றில் லாக்டெப் இயக்கியிருக்கும். அது லாக் வரிசைத் தவறுகளைப் பிடிக்க மட்டும், அதில் வேகத்தை அளந்து பயனில்லை. இன்னொன்று சாதாரண பில்ட். அதில் 1, 2, 4, 8 என்று 128 வரை த்ரெட்டை ஏற்றி வரைபடம் எடுக்கிறோம், முதலில் ஒரே சாக்கெட்டுக்குள் கட்டிவைத்து, பிறகு இரண்டிலும் பரப்பி. 64-ஐத் தாண்டும் இடத்தில் கோடு மடங்கினால் எந்த லைனையோ இரண்டு சாக்கெட்டும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. பேட்ச் ரெவ்யூவில் நான் கேட்கும் முதல் கேள்வியும் அதை ஒட்டியதுதான்: பாக்கெட் ஒன்றுக்கு, எல்லாக் கோரும் பகிரும் பொது இடத்தில் எத்தனை முறை எழுதுகிறோம்?

டிஎல்பி இன்டரப்ட்கள் இன்னும் கொஞ்சம் இருக்கின்றன. அதைக் குறைக்க அலோகேட்டரையே மாற்ற வேண்டும், இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அந்த சர்வரில் இன்று பெர்ஃப் டாப்பின் உச்சியில் நிற்பது ஜேசன் பிரிக்கும் ஃபங்ஷன். அது வேறு குழுவின் கோட்.